மயிலுக்கு இல்லாத குளிர்

என் வீட்டில் எட்டு மாதங்களாக இரண்டு கினிப்பன்றிகள் இருக்கின்றன. இரண்டும் பெண். மூக்கின் மேல் ஒரு சிறு கற்றை, பாதங்களில் கொஞ்சம், இவை தவிர உடம்பில் ரோமம் கிடையாது. ஒன்று மாநிறம், முதுகில் சாம்பல் திட்டுகள். மற்றது வெளிறிய ரோஜா நிறம். தோள் பக்கத்தில் தோல் மடிப்பு மடிப்பாகக் கிடக்கும். முதல் தடவை பார்த்தபோது எனக்கு அருவருப்புதான் ஏற்பட்டது என்பதை முதலிலேயே சொல்லிவிட வேண்டும். பிறகு அருவருப்பு போய் இரக்கம் வந்தது. இரக்கம் வந்த பிறகுதான் சந்தேகமும் வந்தது. அந்தச் சந்தேகத்தைப் பற்றித்தான் இங்கே எழுதப் போகிறேன்.

நான் குடியிருப்பது வண்டலூரில், கேளம்பாக்கம் ரோட்டிலிருந்து உள்ளே தள்ளி, நாலு மாடிக் கட்டிடம் ஒன்றின் தரைத்தளத்தில். மிருகக்காட்சிசாலை மதில் அதிக தூரமில்லை. விடிவதற்கு முன்னால், ஜி.எஸ்.டி. ரோட்டுச் சத்தம் ஓய்ந்திருக்கும் கொஞ்ச நேரத்தில், சிங்கத்தின் குரல் கேட்கும். 2023 டிசம்பர் கடைசியில் கிளாம்பாக்கத்தில் பஸ் நிலையம் திறந்த பிறகு அந்தக் கொஞ்ச நேரமும் குறைந்துவிட்டது. கினிப்பன்றிகளை இங்கே கொண்டுவந்து வைத்தவன் என் தங்கை மகன். சிறுசேரியில் ஒரு கம்ப்யூட்டர் கம்பெனியில் வேலை பார்த்துக்கொண்டிருந்தான். ஜெர்மனிக்கு மாற்றலாகிப் போகும்போது, “ரெண்டு மாசம் பாத்துக்குங்க மாமா, அப்புறம் ஏற்பாடு பண்றேன்” என்றான். லட்டு, ஜாமூன் என்று பெயர் சொன்னான். விலை என்ன என்று நான் கேட்கவில்லை. அவனும் சொல்லவில்லை.

கூண்டோடு ஒரு ஏ.சி.யும் வந்தது. இந்தப் பிராணிகளுக்கு ரோமம் இல்லாததால் குளிர் தாங்காது. உடம்புச் சூடு வீணாகிக்கொண்டே இருப்பதால் ரோமமுள்ள கினிப்பன்றியைவிட அதிகமாகத் தின்றுகொண்டே இருக்க வேண்டும். அதற்காக வெயில் தாங்கும் என்று அர்த்தமில்லை. கினிப்பன்றிக்கு வியர்க்காது. முப்பது டிகிரிக்கு மேல் போனாலே ஆபத்து. வெயில் நேராகப் பட்டால் தோல் வெந்துவிடும். வண்டலூரில் அக்னி நட்சத்திரம் எப்படி இருக்கும் என்று உங்களில் தாம்பரத்துக்கு இந்தப் பக்கம் இருப்பவர்களுக்குத் தெரியும். மார்கழி ராத்திரியில் அவற்றுக்குத் துணிப்பை, சித்திரையில் ஏ.சி. வருஷத்தில் வண்டலூரின் சீதோஷ்ணம் அவற்றுக்கு ஒத்துப்போகும் நாட்கள் கொஞ்சம்தான். நான் அறுபது வருஷம் மின்விசிறியோடு வாழ்ந்தவன். இப்போது அந்த அறையில் உட்கார்ந்துதான் இதை எழுதுகிறேன். பிராணிகளின் தயவு.

இவை எங்கிருந்து வந்தன என்று பார்த்தேன். கினிப்பன்றி கினியிலிருந்து வந்ததுமில்லை, பன்றியுமில்லை. தென்னமெரிக்காவின் ஆண்டஸ் மலைப் பிரதேசத்தில் பல ஆயிரம் வருஷங்களுக்கு முன் மனிதர்கள் தின்பதற்காக வீட்டில் பழக்கிய கொறிக்கும் பிராணி. பெருவில் இன்றைக்கும் தின்கிறார்கள். பழக்கப்பட்ட இந்த இனம் இப்போது காட்டில் எங்கும் கிடையாது. காட்டில் இருப்பவை அதன் உறவினர்கள். பதினாறாம் நூற்றாண்டில் ஸ்பானியர்கள் மூலம் ஐரோப்பாவுக்குப் போயிற்று. அங்கே பணக்காரர் வீட்டுக் குழந்தைகளின் மடியில் கொஞ்ச காலம், பிறகு விஞ்ஞானிகளின் மேஜைமேல். 1780களில் லவாய்சியே ஒரு கினிப்பன்றியைப் பனிக்கட்டி சூழ்ந்த பாத்திரத்துக்குள் வைத்து, அதன் உடம்புச் சூட்டில் எவ்வளவு பனி உருகுகிறது என்று அளந்தார். மூச்சு விடுவதும் ஒருவகை எரிதல்தான் என்று அதிலிருந்து தெரிந்தது. ராபர்ட் கோக் 1882ல் க்ஷயரோகக் கிருமியை நிரூபித்ததும் கினிப்பன்றிகளின் உடம்பில்தான். 1907ல் நார்வேயில் ஹோல்ஸ்ட், ஃப்ரோலிஹ் என்ற இருவர், மனிதருக்கு வரும் ஸ்கர்வி நோய் கினிப்பன்றிக்கும் வருவதைக் கண்டார்கள். பெரும்பாலான மிருகங்கள் வைட்டமின் சி-யைத் தங்கள் உடம்பிலேயே தயாரித்துக்கொள்கின்றன. மனிதனுக்கும் குரங்குகள் பலவற்றுக்கும் கினிப்பன்றிக்கும் அது முடியாது. இரண்டு ஜீவன்களுக்கும் ஒரே குறை. அந்தக் குறையின் சொந்தத்தால்தான் அது நமக்குப் பதிலாகச் சாக முடிந்தது. என் வீட்டுப் பிராணிகளுக்குத் தினம் கொய்யாத் துண்டும் குடைமிளகாயும் கொத்தமல்லியும் நறுக்கிப் போடுகிறபோது ஒரு வாய் நானும் தின்பதுண்டு.

ரோமமில்லாதது வந்த கதை சமீபத்தியது. 1978ல் கனடாவில், மாண்ட்ரீலில், அர்மான் ஃப்ராப்பியே என்ற ஆராய்ச்சி நிலையத்தில், சோதனைக்காக வளர்க்கப்பட்ட கூட்டத்தில் ரோமமின்றிச் சில குட்டிகள் பிறந்தன. மரபில் ஏற்பட்ட திடீர் மாற்றம். யாரும் திட்டமிட்டுச் செய்ததல்ல. 1982லிருந்து சோதனைப் பிராணிகளை வளர்த்து விற்கும் அமெரிக்க நிறுவனம் ஒன்று இதைத் தனி இனமாகப் பெருக்கியது. காரணம் எளிமையானது. களிம்பு, சாயம், ரசாயனம் இவை மனிதத் தோலில் என்ன செய்யும் என்று பார்க்கக் கினிப்பன்றியின் முதுகைச் சிரைக்க வேண்டியிருந்தது. இதற்குச் சிரைக்க வேண்டியதில்லை. சிரைப்புக் கூலி மிச்சம். பிறகு அங்கிருந்து வளர்ப்பவர்கள் கைக்கு வந்து, ரோமமுள்ளவற்றோடு கலந்து உறுதிப்படுத்தப்பட்டு, ‘ஸ்கின்னி’ என்ற செல்லப் பெயரோடு கடைக்கு வந்துவிட்டது. பால்ட்வின் என்று வேறொரு வகை உண்டு. அது ரோமத்தோடு பிறந்து சில வாரங்களில் எல்லாவற்றையும் உதிர்த்துவிடும். அது கலிஃபோர்னியாவில் செல்லப் பிராணி வளர்ப்பவர் ஒருவரிடமே தோன்றியது. ஆக, சோதனைக்கூடத்தை மட்டும் குற்றம் சொல்லி ஒதுங்கிவிட முடியாது.

இந்த இடத்தில் இரண்டு விஷயங்களைப் பிரித்துப் பார்க்க வேண்டும். ரோமமில்லாமல் ஒரு குட்டி பிறந்தது தற்செயல். அது இனமாக ஆனது தீர்மானம். முதலாவதற்கு யாரும் பொறுப்பில்லை. மலையில் பிறந்திருந்தால் முதல் குளிர்கால ராத்திரியில் அந்தக் குட்டி செத்திருக்கும். அதோடு அந்த மாற்றமும் முடிந்திருக்கும். அதைக் காப்பாற்றியது இரக்கமா என்றால் இல்லை. யாரோ ஒருவருக்கு அதன் உபயோகம் தெரிந்தது. உபயோகம் தெரிந்தவர் காப்பாற்றினார். காப்பாற்றப்பட்டதன் பேரப்பிள்ளைகளுக்கு நாம் இரக்கப்படுகிறோம்.

என் சொந்த விஷயம் ஒன்று இதில் சேர்ந்திருக்கிறது. 1961ல் என் அப்பாவுக்கு க்ஷயரோகம் வந்தது. தாம்பரம் சானடோரியத்தில் பதினொரு மாதம் இருந்தார். அந்த இடத்தை டாக்டர் சௌரி முத்து 1928ல் ஆரம்பித்தார். 1937ல் அரசாங்கம் எடுத்துக்கொண்டது. காற்று, வெயில், ஓய்வு, நல்ல ஆகாரம் இவைதாம் அந்த நோய்க்கு மருந்து என்று நம்பிய காலத்தின் ஏற்பாடு அது. அப்பா போய்ச் சேர்ந்தபோது மருந்து மாறியிருந்தது. ஸ்ட்ரெப்டோமைசின் ஊசி போட்டார்கள். அப்பா பிழைத்தார். நான் பிறந்தது 1964ல். அம்மா இதைப் பலமுறை சொல்வாள்: “அந்த ஊசி இல்லேன்னா நீ ஏது?”

அந்த ஊசியின் பூர்வீகம் இது. 1943ல் அமெரிக்காவில் வாக்ஸ்மன் என்பவரின் ஆய்வுக்கூடத்தில் ஷாட்ஸ் என்ற இளைஞர் மண்ணில் வாழும் நுண்ணுயிரிலிருந்து அந்த மருந்தைப் பிரித்தெடுத்தார். அடுத்த வருஷம் மேயோ கிளினிக்கில் ஃபெல்ட்மனும் ஹின்ஷாவும் கினிப்பன்றிகளுக்கு க்ஷயக் கிருமியை ஏற்றி இந்த மருந்தைக் கொடுத்துப் பார்த்தார்கள். கினிப்பன்றி க்ஷயத்துக்கு மிக எளிதில் ஆட்படும் பிராணி. சில கிருமிகள் போதும். மருந்து கொடுக்கப்படாதவற்றின் உடம்பில் நோய் பரவியது. மருந்து பெற்றவற்றில் அடங்கியது. அடங்கியது என்று தெரிந்துகொள்வதற்கு அவற்றையும் கொன்று அறுத்துத்தான் பார்க்க வேண்டும். நோயாளியின் சளியில் கிருமி இருக்கிறதா என்று சந்தேகம் வந்தால் அதைக் கினிப்பன்றிக்கு ஏற்றிவிட்டுச் சில வாரம் காத்திருந்து அறுத்துப் பார்ப்பதும் அந்தக் காலத்துப் பரிசோதனை முறைகளில் ஒன்று. இந்தச் சாவுகளின் வரிசையில் எங்கோ ஒரு முனையில் நான் உட்கார்ந்திருக்கிறேன்.

இதை நண்பர் ஒருவரிடம் சொன்னேன். கவிதை எழுதுகிறவர், இந்தப் பக்கங்களில் நீங்கள் படித்திருப்பீர்கள். “அப்படியானால் சரிதானே. உன் கடனைத் தீர்க்க அதுவே உன் வீட்டுக்கு வந்திருக்கிறது என்று வைத்துக்கொள்” என்றார். கேட்பதற்கு நன்றாக இருந்தது. நன்றாக இருந்ததனாலேயே நான் பல நாள் அதை நம்பிக்கொண்டிருந்தேன். பிறகு நம்ப முடியவில்லை.

கடன் பட்டது செத்துப்போன பிராணிகளிடம். ஜாடை ஒன்றாக இருக்கிறது என்பதற்காக வேறொரு பிராணியிடம் அதைச் செலுத்திவிட்டு ரசீது வாங்கிக்கொள்ள முடியாது. இது முதல் விஷயம். இரண்டாவது இன்னும் முக்கியமானது. என் வீட்டில் இருப்பவை எந்தச் சோதனைக்கூடத்திலிருந்தும் தப்பி வந்தவை அல்ல. வாங்குவதற்கு ஆள் இருக்கிறது என்பதால் பிறப்பிக்கப்பட்டவை. தங்கை மகன் பணம் கொடுத்தான். அந்தப் பணம் அடுத்த ஈற்றுக்கு உத்தரவு. அழகு சாதனப் பொருள்களைப் பிராணிகளிடம் சோதிப்பதை 2014ல் இந்தியா தடை செய்தது. அப்படிச் சோதிக்கப்பட்டவற்றை இறக்குமதி செய்வதையும் அதே வருஷம் தடை செய்தது. ஐரோப்பிய யூனியன் 2013ல் அவற்றின் விற்பனையை நிறுத்திவிட்டது. மருந்துகளுக்கான சோதனைகள் நிற்கவில்லை என்றாலும், இந்த உடம்பை உண்டாக்கிய தேவைகளில் ஒன்று குறைந்துகொண்டு வருகிறது. தேவை குறைந்தபின் உடம்பும் குறைந்திருக்க வேண்டும். குறையவில்லை. அன்பு அதை எடுத்து நடத்துகிறது. கத்தி வைத்திருந்தவன் விட்ட இடத்திலிருந்து கொஞ்சுகிறவன் தொடர்கிறான்.

இந்த இடத்தில் எனக்குப் பேகன் ஞாபகம் வந்தான். மயில் குளிரில் நடுங்குகிறது என்று எண்ணித் தன் போர்வையைக் கொடுத்தவன். கடையெழு வள்ளல்களில் ஒருவனாக அவனை வைத்து, அந்தச் செயலுக்குக் கொடைமடம் என்று பெயரும் கொடுத்திருக்கிறார்கள். மயிலுக்குப் போர்வை உடுத்தவும் தெரியாது, போர்த்தவும் தெரியாது. தேவையுமில்லை. பள்ளிக்கூடத்தில் இதைப் படித்தபோது சிரித்தோம். இப்போது யோசிக்கும்போது அந்த மடமையில் ஒரு சுத்தம் இருப்பதாகப் படுகிறது. பேகன் தவறாகப் புரிந்துகொண்டான், அவ்வளவுதான். மயிலின் குளிரை அவன் உண்டாக்கவில்லை. போர்வை போனதே தவிர மயிலுக்கு எதுவும் போகவில்லை. மிருகக்காட்சிசாலை மதிலைத் தாண்டி எங்கள் தெருவுக்குச் சில சமயம் மயில் வரும். மார்கழிப் பனியில் தண்ணீர்த் தொட்டிமேல் உட்கார்ந்திருக்கும். அதற்கு என்னிடம் எதுவும் வேண்டியதில்லை என்பது பார்த்தாலே தெரியும்.

நாம் பேகனைவிடக் கெட்டிக்காரர்கள். போர்வை வீணாகக்கூடாது என்று முதலில் இறகை எடுத்துவிட்டோம். இப்போது நாம் கொடுக்கிற ஒவ்வொரு போர்வையும் உண்மையிலேயே தேவைப்படுகிறது. யாரும் நம்மைப் பார்த்து மடம் என்று சொல்ல முடியாது. ஒரு ஜீவனின் குறையைத் தீர்த்து வைக்கிற சந்தோஷம் நமக்கு வேண்டியிருக்கிறது. குறையுள்ள ஜீவன்கள் போதாமல் போனால் தயார் செய்துகொள்கிறோம். ரோமமில்லாத பிராணியை வளர்ப்பதில் உள்ள தார்மீகக் குழப்பம் இதுதான் என்று எனக்குத் தோன்றுகிறது. கொடுமை இதில் எங்கும் கண்ணுக்குத் தெரியாது. துணிப்பை, கொய்யாத் துண்டு, தோலுக்குத் தேங்காயெண்ணெய், எல்லாம் அன்பு. கொடுமை நடந்தது எல்லாம் நாம் வருவதற்கு முன்னால், வேறு யாரோ, வேறெங்கோ.

எழுதுகிறவர்களாகிய நமக்கும் இது சொந்தமில்லாத விஷயமல்ல. நாம் எழுதும் கருணைக் கதைகளில் வரும் ஏழைகளைப் பாருங்கள். அவர்களுக்குத் தந்திரம் கிடையாது, கோபம் கிடையாது, சிரிப்பு கிடையாது, தங்களைக் காத்துக்கொள்ளும் எந்தத் தோலும் கிடையாது. நிஜத்தில் நாம் பார்க்கிற ஏழைக்கு இவை எல்லாம் உண்டு, நம்மைவிட அதிகமாகவே உண்டு. ஆசிரியன் உட்கார்ந்து ஒவ்வொரு ரோமமாகப் பிடுங்கிவிட்டுக் கடைசிப் பாராவில் தன் போர்வையைக் கொண்டுவந்து போர்த்துகிறான். வாசகன் கண்கலங்குகிறான். என் பழைய கதைகள் இரண்டைச் சமீபத்தில் எடுத்துப் படித்துப் பார்த்தேன். பெயர் சொல்ல வேண்டாம்.

இதற்கு ஆட்சேபங்கள் உண்டு. பழக்கிய பிராணி எல்லாமே இப்படித்தானே என்று கேட்கலாம். வெள்ளாமை நெல், கதிரிலிருந்து தானாக உதிராது, மனிதன் அடித்தால்தான் விதை. கம்பளி ஆட்டுக்கு மனிதன் கத்தரிக்காவிட்டால் ரோமமே பாரமாகிவிடும். அது மிகுதி, இது குறை, வித்தியாசம் என்ன? ஒரு வித்தியாசம், தின்பவனும் உடுத்துபவனும் தன் காரியத்துக்காக என்று ஒப்புக்கொள்கிறான். பெரு நாட்டுக் குடியானவன் கினிப்பன்றிக்குப் புல் போடும்போது அதைத் தன் குழந்தை என்று சொல்லிக்கொள்வதில்லை. அது சரி என்று நான் வாதாடவில்லை. அங்கே பொய் குறைவு என்று மட்டும் சொல்கிறேன்.

இன்னும் பலமான ஆட்சேபம் குழந்தை. நாம் குழந்தை பெறுகிறோம். நிராதரவான ஒரு ஜீவனை நம் ஆசைக்காக உண்டாக்கி, பிறகு ஆதரித்து, அதை அன்பு என்கிறோம். அதுவும் இதே மோசடியா? இந்தக் கேள்வி என்னை ஒரு மாதத்துக்கு மேல் தொந்தரவு செய்தது. பதிலைக் கினிப்பன்றியிடமிருந்தே தெரிந்துகொண்டேன். கினிப்பன்றி இரண்டு மாதத்துக்கு மேல் குட்டியை வயிற்றில் வைத்திருக்கிறது. அவ்வளவு சிறிய பிராணிக்கு அது நீண்ட காலம். குட்டி பிறக்கும்போதே கண் திறந்திருக்கும், பல் முளைத்திருக்கும், உடம்பு முழுக்க ரோமம் இருக்கும். சில மணி நேரத்தில் ஓடும். மறுநாளே புல்லைக் கொறிக்கும். பிறர் தயவு மிகக் குறைவாகத் தேவைப்படும் குட்டிகளில் அதுவும் ஒன்று. மனிதக் குழந்தை அதற்கு நேர் எதிர். ஆனால் நாம் குழந்தையை வளர்ப்பது அதன் நிராதரவை முடித்து வைப்பதற்காக. அது நம் கையை உதறிவிட்டு நடக்கும் நாள்தான் வளர்ப்பின் லட்சியம். அன்று மனசு வலித்தாலும் வெற்றி அதுதான். நிராதரவை முடிக்கப் பார்க்கிற அன்பு ஒன்று, நிராதரவைத் தொடரப் பார்க்கிற அன்பு ஒன்று. பிறந்த அன்றே ஓடத் தெரிந்த பிராணியிலிருந்து ரோமத்தை நீக்கி, கடைசிவரை துணிப்பையில் வைத்துக்கொள்வது இரண்டாவது வகை.

அவை சந்தோஷமாக இல்லையா என்று தங்கை மகன் கேட்டான். இருக்கின்றன. குளிர்பெட்டிக் கதவு திறக்கிற சத்தம் கேட்டால் இரண்டும் ‘வீக், வீக்’ என்று வீடு அதிரக் கத்தும். சாப்பிட்ட பிறகு ஒன்றின் முதுகில் மற்றது தாடையை வைத்துக்கொண்டு தூங்கும். தங்களுக்கு ஏதோ இல்லை என்ற பிரக்ஞை அவற்றுக்குக் கிடையாது. அந்தச் சந்தோஷத்தை நான் சந்தேகிக்கவில்லை. அந்தச் சந்தோஷத்தைச் சாட்சியாகக் கூப்பிட எனக்கு உரிமை உண்டா என்பதுதான் சந்தேகம். இருப்பவை சந்தோஷமாக இருக்கட்டும். இன்னும் பிறக்காதவை எதையும் இழக்கவில்லை.

பேகன் கதையில் நாம் வசதியாக மறந்துவிடுகிற ஒரு பகுதி உண்டு. மயிலுக்கு இரங்கிய அந்த மனிதன் தன் மனைவி கண்ணகியைக் கைவிட்டு வேறொருத்தியிடம் போய்விட்டான். கபிலர், பரணர், அரிசில் கிழார், பெருங்குன்றூர் கிழார் என்று நான்கு புலவர்கள் அவளுக்காக அவனிடம் போய்ப் பாடியிருக்கிறார்கள். எங்களுக்குப் பரிசில் வேண்டாம், அவள் துயரைத் தீர் என்பதுதான் விண்ணப்பம். பரணர் ஒரே பாட்டில் மயிலையும் அவளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துக் காட்டினார். இரக்கம் தூரத்துப் பிராணியிடம் சுலபமாகப் போகிறது, பக்கத்தில் இருப்பவரிடம் போகத் தயங்குகிறது என்பது அன்றைக்கே தெரிந்த விஷயம்.

எங்கள் கட்டிடத்துக் காவல்காரருக்கு என் வயசு இருக்கும். கேட்டுக்குப் பக்கத்தில் தகரக் கொட்டகையில் படுக்கிறார். மே மாதத்தில் ஒருநாள் மோட்டார் போடச் சாவி வாங்க வந்தவர் அறைக்குள் எட்டிப் பார்த்தார். “என்ன சார், எலிங்களுக்கா ஏ.சி.?” என்றார். கோபம் எதுவும் இல்லை. உண்மையான ஆச்சரியம். ஒரு நிமிஷம் வாசலில் நின்று குளிர்ச்சியை வாங்கிக்கொண்டு போய்விட்டார். அதற்குப் பிறகு மத்தியானத்தில் அந்த அறையில் வந்து படுத்துக்கொள்ளச் சொன்னேன். இரண்டு நாள் வந்தார். மூன்றாம் நாள் வரவில்லை. செயலாளர் பார்த்தால் வம்பு என்றார். எனக்கு மனசில் கொஞ்சம் நிம்மதி ஏற்பட்டது என்பதையும் சொல்ல வேண்டும். அறை திரும்ப என்னுடையதாகிவிட்டது.

போன வாரம் தங்கை மகன் போன் செய்தான். வாங்கிக் கொடுத்த ஆளிடம் ரோமமில்லாத ஆண் ஒன்று இருக்கிறதாம். “சேத்து விடுங்க மாமா. குட்டி போட்டா கேக்குறதுக்கு ஆள் இருக்கு. செலவுக்கும் ஆச்சு, உங்களுக்கும் பொழுது போகும்” என்றான். அவன் இப்போது இருக்கும் நாட்டின் விலங்குப் பாதுகாப்புச் சட்டத்தில், பிராணிக்கு வேதனை தரும் உடற்கூறுகளை வேண்டுமென்றே பெருக்கக் கூடாது என்று ஒரு பிரிவு உண்டு. 11பி. ரோமமின்மை அந்தக் கணக்கில் சேருமா சேராதா என்று அங்கே சர்ச்சை. அதைச் சொன்னேன். “இங்க அந்தச் சட்டம் இல்லையே மாமா” என்றான். இல்லைதான்.

எனக்குப் பதில் சொல்லக் கற்றுக்கொடுத்தது பக்கத்து மதில். சர்க்கஸ்களில் சிங்கம், புலி போன்றவற்றை வைத்து வித்தை காட்டக் கூடாது என்ற தடை 2001ல் சுப்ரீம் கோர்ட் தீர்ப்போடு உறுதியான பிறகு, அங்கிருந்து மீட்ட மிருகங்களுக்காகச் சில இடங்களில் காப்பகங்கள் அமைத்தார்கள். வண்டலூரிலும் ஒன்று உண்டு. சர்க்கஸ் சிங்கங்களில் பல ஆப்பிரிக்க, ஆசியக் கலப்பினம். காட்டில் விடவும் முடியாது, இனத்தைப் பெருக்குவதிலும் அர்த்தமில்லை. அப்படிப்பட்டவற்றுக்கு வகுத்த முறை எளிமையானது. சாகும்வரை சோறு போடு, வைத்தியம் பார், குட்டி போட விடாதே. முதலில் கேட்டபோது இது எனக்குக் கொடூரமாகப் பட்டது. மெல்ல மெல்ல ஓர் இனத்தை அணைத்துவிடுவதா என்று. இப்போது அப்படிப் படவில்லை. செய்த தப்பைத் தப்பு என்று ஒப்புக்கொண்டவன், அந்தத் தப்பின் உடம்பை மட்டும் கௌரவமாகக் காப்பாற்றுகிறான். மிருகத்துக்கும் தண்டனை இல்லை, தப்புக்கும் வாரிசு இல்லை. பாவத்துக்குப் பரிகாரம் என்று ஏதாவது இருந்தால் அது இவ்வளவுதான் இருக்க முடியும்.

ஆண் வேண்டாம் என்று சொல்லிவிட்டேன். பிராணிகளைத் திருப்பி எடுத்துக்கொண்டு போகவும் வேண்டாம் என்றேன். எங்கே போனாலும் அந்த ஆண் அவற்றுக்கு முன்னால் வந்து நிற்கும். அவன் கொஞ்சம் வருத்தப்பட்டான். “நீங்க ரொம்ப யோசிக்கிறீங்க மாமா.”

ஆனால் இத்தோடு தீர்ந்துவிடவில்லை. கினிப்பன்றி கூட்டத்தில் வாழும் பிராணி. தனியாக இருந்தால் வாடிவிடும். ஸ்விட்சர்லாந்தில் 2008லிருந்து அதைத் தனியாக வளர்ப்பதே சட்டவிரோதம். இதன் ஆயுள் ஐந்திலிருந்து ஏழு வருஷம் என்கிறார்கள். இரண்டும் ஒரே நாளில் சாகப் போவதில்லை. ஒன்று போனதும் மற்றதன் தனிமைக்காக இன்னொன்று வாங்கினால், அது தனியாகும்போது இன்னொன்று. இரக்கத்தின் கணக்கு இப்படித்தான் முடிவில்லாமல் போகும் போலிருக்கிறது. ரோமமுள்ள சாதாரணக் கினிப்பன்றி, யாரோ வளர்க்க முடியாமல் விட்டுவிட்டது, ஏதாவது கிடைக்குமா என்று விசாரித்து வைத்திருக்கிறேன். அதுவும் கிடைக்காவிட்டால் என்ன செய்வேன் என்று இன்றைக்கு எனக்குத் தெரியாது. கடைக்குப் போகாமல் இருப்பேன் என்று உறுதி சொல்ல முடியவில்லை.

எழுதிக்கொண்டிருக்கும்போது கரண்ட் போயிற்று. ஏ.சி. நின்ற சத்தத்தில் இரண்டும் விழித்துக்கொண்டன. ஜன்னலைத் திறந்துவிட்டு, ஈரத்துணியைக் கூண்டுக்குப் பக்கத்தில் தொங்கவிட்டேன். வெளியே காவல்காரர் தகரக் கொட்டகையை விட்டு வந்து மரத்தடியில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருக்கிறார். போய் அவரோடு உட்கார வேண்டும்.